புகைப்படம் இல்லாத அட்டை: ஒரு துப்பறியும் நாவலும் 1950-ன் இங்கிலாந்தும்

அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலைப் போன வாரம் வாசித்து முடித்தேன். 1950 ஜூனில் வந்த புத்தகம். கிறிஸ்டியின் 50வது புத்தகம் என்று விளம்பரப்படுத்தி காலின்ஸ் பதிப்பகம் விற்றது. மிஸ் மார்ப்பிள் என்ற வயதான அம்மா துப்பறியும் கதைகளில் ஒன்று.

இந்த மாதிரி கதைகளுக்குப் பிற்காலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று ஒரு பெயர் வந்தது. போர்வைக்குள்ள கால நீட்டி உட்கார்ந்து, டீ குடிச்சுக்கிட்டே படிக்கிற கொலைக்கதைன்னு வச்சுக்கலாம். சின்ன ஊர். ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள். ரத்தம் அதிகம் காட்டமாட்டார்கள். துப்பறிபவர் போலீஸாக இருக்க வேண்டியதில்லை, ஸ்வெட்டர் பின்னும் பாட்டியாக இருக்கலாம். கடைசியில் குற்றவாளி பிடிபடுவார், ஊர் பழையபடி டீ குடிக்கப் போய்விடும். இந்த வகை மேல் எப்போதும் சொல்லப்படும் ஒரு குறை, இவற்றில் காலமே நகராது, வெளியுலகமே கிடையாது என்பது.

இந்த ஒரு நாவலை வைத்தே அந்தக் குறைக்குப் பதில் சொல்லிவிடலாம். இதில் வரும் கொலைத் திட்டம் 1935-ல் நடந்திருக்காது, 1965-லும் நடந்திருக்காது. போர் முடிந்து, ரேஷன் முடியாத அந்தச் சில வருஷ இங்கிலாந்தில் மட்டும்தான் நடக்கும். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொலைகாரர் யார் என்று சொல்லமாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

கதை, சுருக்கமாக

சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கற்பனைக் கிராமம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சைக்கிளில் பேப்பர் போடும் பையன் வீடு வீடாக உள்ளூர் வாரப் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போகிறான். எல்லா வீட்டிலும் முதலில் படிப்பது வரி விளம்பரப் பக்கம். அதில் ஒரு விளம்பரம்: அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளவும்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊர் மொத்தமும் ஆளுக்கொரு சாக்கோடு அங்கே போய் நிற்கிறது. வீட்டுக்காரர் லெட்டிஷியா பிளாக்லாக், அறுபது வயதை ஒட்டிய பெண்மணி. அவருக்கே விளம்பரம் யார் கொடுத்தது என்று தெரியாது. 6.30-க்கு விளக்கு அணைகிறது. கதவு திறந்து டார்ச் வெளிச்சம் அடிக்கிறது, கையைத் தூக்கச் சொல்லி ஒரு குரல், துப்பாக்கிச் சத்தம். திரும்ப வெளிச்சம் வந்தபோது முகமூடி போட்ட ஓர் ஆள் செத்துக் கிடக்கிறான். ரூடி ஷெர்ஸ், பக்கத்து ஊர் ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த சுவிஸ் இளைஞன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர் முடிந்த பிறகு, நாவல் வருவதற்கு முன், அக்டோபர் 29 வெள்ளிக்கிழமையாக வந்தது 1948-ல் மட்டும்தான். கிறிஸ்டி காலண்டரைப் பார்த்து எழுதினாரா என்று தெரியவேண்டிய அவசியமில்லை. ஆனால் நாவலில் வரும் சாப்பாடு, கரி, சட்டம் எல்லாமே 1948-க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு கேக்கின் கணக்கு

பிரிட்டனில் உணவு ரேஷன் 1940 ஜனவரி 8-ல் தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற இறைச்சி, டீ, சீஸ், மிட்டாய், துணி, சோப்பு. போரில் ஜெயித்த நாடு என்பதால் 1945-ல் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் சில விஷயங்களில் நிலைமை இன்னும் மோசமானது. போர் நடந்த ஆறு வருஷமும் ரேஷனில் இல்லாத ரொட்டி, 1946 ஜூலையில் ரேஷனுக்குள் வந்தது, 1948 ஜூலை வரைக்கும். துணி ரேஷன் 1949 மார்ச்சில்தான் முடிந்தது. மிட்டாயை 1949 ஏப்ரலில் விடுவித்தார்கள். கடைகள் காலியாகி, நாலே மாதத்தில் திரும்ப ரேஷனில் போட்டார்கள். இறைச்சி ரேஷன் முடிந்தது 1954 ஜூலை 4. போர் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து!

இதைத் தெரிந்துகொண்டு நாவலின் அந்த கேக்கைப் பாருங்க. பிளாக்லாக்கின் பள்ளித் தோழி டோரா பன்னர் அதே வீட்டில் தங்கியிருக்கிறார். அவருக்குப் பிறந்தநாள். வீட்டுச் சமையல்காரப் பெண் மிட்ஸி ஒரு சாக்லெட் கேக் செய்வாள், அதற்கு வீட்டில் 'சுவையான சாவு' என்று ஒரு கேலிப் பெயர். கேக் செய்ய ஒன்றுமே இல்லையே என்று அவள் புலம்ப, வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த டின் வெண்ணெய், கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த உலர்திராட்சையில் கொஞ்சம், ஒரு கட்டி சாக்லெட், ஒரு பவுண்டு சர்க்கரை.

இன்றைக்குப் படித்தால் இது ஒரு சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். போர்க்காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ் வெண்ணெய், 8 அவுன்ஸ் சர்க்கரை, ஒரு முட்டை. அளவு அவ்வப்போது ஏறி இறங்கும். 2 அவுன்ஸ் என்பது 57 கிராம். ஒரு பவுண்டு சர்க்கரை என்றால் ஓர் ஆளின் இரண்டு வார ஒதுக்கீடு. வெண்ணெய் கடல் தாண்டி வந்த பார்சல். திராட்சை பண்டிகைக்குப் பதுக்கியது. அந்த மேஜையில் இருந்தது ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த செல்வம். அதை ஒரு தோழிக்காகக் கொடுப்பது எவ்வளவு பெரிய அன்பு என்பது 1950 வாசகருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். நாவலின் மிகப் பெரிய சோகம் அந்த அன்பில்தான் ஒளிந்திருக்கிறது. இதுக்கு மேல சொன்னா கதை போயிடும்.

கரியும் வெண்ணெயும்

கொலை நடக்கும் மாலை, வந்தவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர், வீட்டில் சென்ட்ரல் ஹீட்டிங் ஓடுவதைக் கவனித்துச் சொல்கிறார்கள். நாம் அதை வெட்டிப் பேச்சு என்று தாண்டிப் போய்விடுவோம். பிரிட்டனில் 1947 குளிர்காலம் ஒரு பேரிடர். ஜனவரி கடைசியில் தொடங்கிய பனி மார்ச் வரை விடவில்லை. அந்த வருஷம் ஜனவரி 1-ல்தான் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமையாகியிருந்தன. கரி இருந்தும் நகர்த்த முடியாமல் மின்நிலையங்கள் நின்றன. பிப்ரவரியில் பல பகுதிகளில் வீடுகளுக்குப் பகலில் 5 மணி நேரம் மின்சாரம் கிடையாது. வீட்டு உபயோகக் கரிக்கான கட்டுப்பாடு 1958 வரை நீடித்தது.

அப்படிப்பட்ட நாட்டில், பெரும்பாலான வீடுகளில் கணப்புதான் இருந்த காலத்தில், அக்டோபரிலேயே ஹீட்டிங் போட்டால் ஊர் பேசாமல் இருக்குமா? பேசும், பொறாமையோடு பேசும். அந்தப் பேச்சு ஒரு தடயம். கிறிஸ்டி அதை நட்ட நடு ஹாலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போகிறார். தடயம் என்னவென்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று வெண்ணெய். கொலைக்கு முன் அந்த வீட்டுக்குள் யார் யார் போய் வந்திருக்க முடியும் என்று இன்ஸ்பெக்டர் கிராடக் விசாரிக்கிறார். பதில், எல்லாரும் போயிருக்கலாம். ஏன்னா பக்கத்துப் பண்ணையில் வெண்ணெய் கடையும் நாளில் யாராவது ஒருவர் வாங்கி வந்து தெரிந்தவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். பதிலுக்கு இவர்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததோ, கோழி போட்டதோ அங்கே போகும். ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை, கதவைப் பூட்டுவதும் இல்லை. ரேஷன் பொருளை இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். போலீஸிடம் சொல்ல ஊருக்குக் கூச்சம். இன்ஸ்பெக்டரும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

பூட்டாத கதவை நாம் பழைய நல்ல காலத்தின் அடையாளமாகச் சொல்வோம். இந்தக் கிராமத்தில் அதற்கு இன்னொரு காரணம், ஊர் முழுக்கச் சேர்ந்து பண்ணும் ஒரு சின்னக் கள்ளச்சந்தை. கதைக்கு இதமான வாசனையைத் தருவதும் அதுதான், கொலைகாரர் உள்ளே வர வழி விட்டதும் அதுதான். நாவல் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1950 மே 26-ல் பெட்ரோல் ரேஷன் ஒழிந்தது. ஊர்க்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருக்கும் இந்தக் கிராமம், புத்தகம் கடைக்கு வரும்போதே கொஞ்சம் பழையதாகிவிட்டது.

1939 செப்டம்பர் 29

இப்போது நாவலின் மையத்துக்கு வருகிறேன். ரேஷன் கொடுக்க வேண்டும் என்றால் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். போர் தொடங்கி இரண்டே நாள் கழித்து, 1939 செப்டம்பர் 5-ல், தேசியப் பதிவுச் சட்டம் வந்தது. செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை இரவு யார் எந்த வீட்டில் இருந்தார்களோ, அது பதிவானது. சுமார் 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். நாலு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. அந்த எண்ணை வைத்துத்தான் ரேஷன் புத்தகம். 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோதும் இதே எண்களையே எடுத்துக்கொண்டார்கள்.

இடையில் ஒரு தகவல், வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்காக. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின. 1941-ல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால் 1921-க்கும் 1951-க்கும் நடுவே அங்கே யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க மிஞ்சியிருப்பது இந்த 1939 பதிவேடுதான். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பெரிய பொக்கிஷம்.

அந்த அட்டையில் என்ன இருந்தது? பெயர், விலாசம், எண், கையெழுத்து, ஒரு முத்திரை. சில தனி வகை அட்டைகளைத் தவிர, சாதாரண மக்களின் அட்டையில் புகைப்படம் கிடையாது. கைரேகை கிடையாது. போர்க்கால அவசரத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குப் படம் எடுத்து ஒட்ட முடியாது, சரிதான். விளைவு என்னன்னா, அட்டை யார் கையில் இருக்கோ அவர்தான் அந்த ஆள். குண்டு விழுந்து வீடு இடிந்து, ஊர் மாறி, உறவு சிதறிப்போன ஒரு தேசத்தில், இன்னொருவராக வாழ்வது முன்னெப்போதையும்விட எளிது.

இதை நாவலில் இன்ஸ்பெக்டர் கிராடக் ஓர் இடத்தில் யோசிக்கிறார். இந்த ஊரில் இருப்பவர்கள் எல்லாம் தாங்கள் சொல்லிக்கொள்ளும் பெயரும் முகமும்தான். பின்னால் நிற்பது படம் இல்லாத ஓர் அட்டை. மெனக்கெட்டால் யார் வேண்டுமானாலும் ஒன்று வாங்கிவிடலாம். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். கிராமத்திலும் இப்போது தெரியாது, ஆனால் தெரியும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் கொலைகாரரின் ஆயுதம்.

மிஸ் மார்ப்பிளின் ஆதங்கம்

கிராடக்குக்கு இந்த யோசனை வரக் காரணமே மிஸ் மார்ப்பிள்தான். 15 வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒவ்வொருவரும் யார் என்று தெரியும் என்கிறார் அவர். பெரிய வீட்டுக் குடும்பங்கள் தலைமுறையாக இருந்தவை. புதிதாக ஒருவர் வந்தால், கையில் ஓர் அறிமுகக் கடிதம் இருக்கும். இல்லாவிட்டால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரோடு அதே ராணுவப் பிரிவிலோ அதே கப்பலிலோ வேலை பார்த்திருப்பார். இப்போது அப்படி இல்லை. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறார்கள், ஒரு சின்ன வீடு வாங்குகிறார்கள், குடியேறுகிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

நமக்கு இந்த இடம் முக்கியம். 1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்ததும் அதிகாரிகள், ராணுவத்தினர், தோட்ட முதலாளிகள், வியாபாரிகள் என்று ஏராளமானவர்கள் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். இந்தக் கிராமத்திலும் இந்தியாவில் இருந்துவிட்டு வந்த ஈஸ்டர்புரூக் என்ற கர்னல் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் அங்கே நடந்த கதையைச் சொல்லி எல்லாரையும் அறுப்பவர். சாம்ராஜ்யம் கலைந்ததும் அதன் ஆட்கள் இப்படிப்பட்ட கிராமங்களில் வந்து ஒதுங்குகிறார்கள். அவர் சொல்லும் ரெஜிமென்டும் பதவியும் உண்மையா என்று சரிபார்க்க அங்கே யாருக்கும் வழியில்லை. நம்மை ஆண்டவர்கள் ஊர் திரும்பிய பிறகு சொந்த ஊரில் முகவரி இல்லாதவர்கள் ஆனதை, ஒரு கொலைக்கதை போகிற போக்கில் பதிவு பண்ணி வச்சிருக்கு.

கிறிஸ்டிக்கு இந்த விஷயம் சொந்த அனுபவத்திலும் தெரியும். 1926 டிசம்பரில் அவர் காணாமல்போய், 11 நாட்கள் நாடே தேடியது. ஹாரோகேட் ஊரில் ஒரு ஹோட்டலில், டெரசா நீல் என்ற பெயரில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவராகப் பதிவு செய்துகொண்டு தங்கியிருந்தார். பத்திரிகைகளில் படம் வந்துகொண்டிருந்தபோதே மற்ற விருந்தினர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரியாதையான உடை, மரியாதையான பேச்சு, நோட்டில் ஒரு பெயர். அது போதுமானதாக இருந்தது.

மிட்ஸியை யார் நம்பினார்கள்?

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது என்னை உறுத்தியது மிட்ஸிதான். கேக் செய்யும் அந்தப் பெண். மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த அகதி. படித்தவள், இங்கே சமையலறையில் இருக்கிறாள். குடும்பத்தினர் கொல்லப்பட்டதைச் சொல்கிறாள், போலீஸைக் கண்டால் நடுங்குகிறாள், தன்னையும் கொல்ல வருகிறார்கள் என்று கத்துகிறாள். ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. பொய்க்காரி என்று முத்திரை குத்தியாகிவிட்டது. கிறிஸ்டியும் அவளைப் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் பயன்படுத்துகிறார். பிளாக்லாக் மட்டும் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார்: அவள் கதைகளை ஊதிப் பெருக்குவாள், ஆனால் அடியில் உண்மை இருக்கிறது, உறவினர் ஒருவரையாவது தன் கண்ணெதிரே கொன்றதைப் பார்த்தவள்.

நாவலில் மிட்ஸி ஒருத்திதான். வரலாற்றில் அவளைப் போல நிறையப் பேர். போருக்கு முன், ஹிட்லரிடமிருந்து தப்பிக்க ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து சுமார் 20,000 பேர் வீட்டு வேலை அனுமதியில் பிரிட்டனுக்கு வந்தார்கள். பெரும்பாலும் யூதப் பெண்கள். அதுவரை வீட்டில் தாங்களே வேலைக்காரி வைத்திருந்தவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் உண்டு. உயிர் பிழைக்கத் திறந்திருந்த ஒரே கதவு சமையலறைக் கதவு. அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது என்பதற்கு விடை, நாவலின் முதல் அத்தியாய வரி விளம்பரங்களிலேயே இருக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று பதறுகிற விளம்பரங்கள். உள்ளூர்ப் பெண்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போக ஆரம்பித்துவிட்டார்கள். போருக்குப் பின்னும் இது தொடர்ந்தது. 1946-லிருந்து பால்டிக் நாட்டு அகதிப் பெண்களை மருத்துவமனை வேலைகளுக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் அகதி முகாம்களிலிருந்து பல பத்தாயிரம் பேரைச் சுரங்கத்துக்கும் வயலுக்கும் நெசவாலைக்கும் கூட்டி வந்தார்கள்.

இனி, நாவலில் கிறிஸ்டி சொல்லாத ஒரு விஷயம். பிரிட்டனில் வாழ்ந்த வெளிநாட்டவர்கள் 1920-ன் அந்நியர் ஆணைப்படி போலீஸில் பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த பதிவுச் சான்றிதழில் புகைப்படம் உண்டு. பிறந்த ஊர், வந்த தேதி, வேலை, விலாசம் மாறியது எல்லாம் அதில் ஏறும்.

சிப்பிங் கிளெக்ஹார்னுக்கு இதைப் பொருத்திப் பாருங்க. பெயரும் முகமும் சேர்ந்த காகிதம் இருக்க வேண்டிய இரண்டே பேர், செத்துப்போன சுவிஸ்காரன் ரூடி ஷெர்ஸும் அகதி மிட்ஸியும். மற்ற எல்லாரும் வெறும் எண். ஊர் சந்தேகப்பட்டது யாரை? அந்த இரண்டு பேரைத்தான். வெளிநாட்டான் ஒருவன் கொள்ளையடிக்க வந்தான், தடுமாறித் தன்னையே சுட்டுக்கொண்டான் என்றதும் ஊருக்கு நிம்மதி. உண்மையிலேயே பெயரை மாற்றிக்கொண்டு அந்த ஊரில் நடமாடியவர்கள் (ஒருவருக்கு மேல், அவ்வளவுதான் சொல்வேன்) நல்ல ஆங்கிலம் பேசினார்கள், சரியான நேரத்தில் டீ கொடுத்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதனால்தான் மிஸ் மார்ப்பிளின் ஆதங்கத்தோடு என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்திருந்த அந்தப் பழைய ஏற்பாடு யாருக்குப் பாதுகாப்பு? அறிமுகக் கடிதம் எழுதித்தர ஒரு கர்னலோ பாதிரியாரோ தெரிந்தவர்களுக்கு. மிட்ஸிக்குக் கடிதம் எழுதித்தரக்கூடியவர்கள் செத்துப்போனார்கள். பழைய ஏற்பாடு அப்படியே இருந்திருந்தால் அவளுக்கு அந்த ஊரில் இடமே கிடைத்திருக்காது. அட்டை முறை ஏமாற்றுக்காரர்களை உள்ளே விட்டது உண்மை. கடித முறை அகதியை வெளியே நிறுத்தியிருக்கும்.

இதையும் சொல்லியாகணும்: கிறிஸ்டியின் கதையமைப்பு அவருடைய கேலியைவிட நியாயமானது. கடைசியில் கொலைகாரரைச் சிக்க வைக்க ஒருவரின் தைரியம் தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்வது ஊர் முழுக்கப் பொய்க்காரி என்று சொன்ன மிட்ஸி. மிஸ் மார்ப்பிள் நம்பிப் போய்க் கேட்டது அவளைத்தான்.

அட்டையின் முடிவு

நாவல் வந்து ஆறு மாதம் கழித்து, 1950 டிசம்பர் 7-ல், வடக்கு லண்டனின் பின்ச்லி பகுதியில் ஒரு போலீஸ்காரர் கார் ஒன்றை நிறுத்தினார். ஓட்டி வந்தவர் கிளாரன்ஸ் வில்காக். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். முடியாது என்றார் வில்காக். சரி, இரண்டு நாளில் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றதற்கும் முடியாது. வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தண்டனை எதுவும் இல்லாமல் குற்றம் உறுதி என்று முடிந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 1951 ஜூனில் ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் வில்காக் தோற்றார். ஆனால் தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு, போருக்காகக் கொண்டுவந்த சட்டத்தைப் போர் முடிந்த பிறகும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்களைக்கூடக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள் என்று கடிந்துகொண்டார். 1952 பிப்ரவரி 21-ல் அட்டை முறை ஒழிக்கப்பட்டது.

வில்காக் சொன்னதும் கிறிஸ்டி காட்டியதும் ஒரே அட்டையின் இரண்டு பக்கம் என்று தோன்றுகிறது. தான் யார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒருவரை நடுரோட்டில் நிறுத்தி அட்டை கேட்டது அரசு. யார் என்றே தெரியாத ஒருவருக்கு அதே அட்டை கௌரவமான முகமூடியாக உதவியது. ரேஷன் கார்டு என்ற சொல் நம்ம வீடுகளுக்குள் வந்ததும் அதே போர்க்காலத்தில்தான். அரிசி வாங்கக் கொடுத்த ஒரு காகிதம் எப்படி 'நீ யார்' என்பதற்கு அத்தாட்சியாக மாறும், அது கையில் இல்லாதவர் எப்படித் திணறுவார் என்பதெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புத்தகத்தை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வழக்கம்போல யார் எங்கே நின்றார்கள், விளக்கு எப்போது அணைந்தது என்று எழுதுங்கள். இன்னொன்றில் சாப்பாடு, கரி, துணி, வேலைக்காரர்கள், தபால், அட்டை பற்றி வரும் எல்லா வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கொலைகாரரைக் கண்டுபிடிக்க இரண்டாவது நோட்டுதான் அதிகம் உதவும். அப்படியே மிட்ஸி வாயைத் திறக்கும்போதெல்லாம், அவள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.